அதுல என்ன சார் ஆராய்ச்சி?



போன வாரம் ஒரு மதியம், சாப்பிட்டு முடித்து டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஆபீஸ் போன் அடித்தது. சிட்லபாக்கத்திலிருந்து ஓர் அம்மா பேசினார். பல வருஷமாக நம் பத்திரிகையை வாங்குபவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை.

"சார், பொண்ணு பரதநாட்டியத்துல எம்.ஏ. முடிச்சிருக்கா. இப்போ பிஎச்.டி. பண்ணணும்ங்கிறா. சரி, பண்ணுன்னேன். ஆனா லைப்ரரில உக்காந்து படிச்சு எழுதற பிஎச்.டி. இல்லையாம். ஆடித்தான் ஆராய்ச்சி பண்ணப்போறாளாம். ஆடினா அது டான்ஸு. ஆராய்ச்சின்னா புக்கு, லேபு. அதுல என்ன சார் ஆராய்ச்சி?"

மூச்சு விட்டுவிட்டு இன்னொன்றும் கேட்டார். "இதுக்கு வேலை கிடைக்குமா?"

இரண்டுக்குமே அந்த நிமிஷம் என்னிடம் பதில் இல்லை. ஆசிரியர் நாற்காலியில் இருப்பவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று வாசகர்கள் நம்புவது மற்ற நாளில் சௌகரியம், இந்த மாதிரி போன் வரும்போது சங்கடம். "விசாரிச்சு எழுதறேம்மா" என்று சொல்லி வைத்தேன். இந்த இதழின் ஆசிரியர் பக்கம் அந்த வாக்குக்காக.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அவர் கேட்டபோது என் மனசிலும் அதே கேள்விதான் ஓடியது. நம் வீடுகளில் ஆராய்ச்சி என்றால் வெள்ளைக் கோட்டு, மைக்ராஸ்கோப், ஐ.ஐ.டி. பாட்டு, நடனம், ஓவியம் என்றால்? சாயந்திரம் ஆறு மணி கிளாஸ். பத்தாவது வந்ததும் நிறுத்திவிடுகிற கிளாஸ். "பப்ளிக் எக்ஸாம் இருக்கு, அடுத்த வருஷம் பாத்துக்கலாம் மிஸ்" என்று சொல்லாத பெற்றோர் தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வரை எத்தனை பேர் இருப்பார்கள்? நானும் சொன்னவன்தான். அந்த அடுத்த வருஷம் எங்கள் வீட்டில் இன்னும் வரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கலையைப் பற்றி ஆராய்ச்சி செய்வது நமக்குப் புதிதில்லை. ஒரு சிற்பம் எந்தக் காலத்தது, ஒரு ராகம் எங்கிருந்து வந்தது என்று படித்து, ஒப்பிட்டு, எழுதுவார்கள். எழுதுகிறவருக்கு ஆடத் தெரிய வேண்டாம், பாடத் தெரிய வேண்டாம். அந்தப் பெண் சொல்வது வேறு. ஆடுகிறவரே ஆடிப் பார்த்து, வரைகிறவரே வரைந்து பார்த்து, அந்தச் செய்கையின் வழியாகவே ஒரு கேள்விக்கு விடை தேடுவது. லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் இருந்த கிறிஸ்டோபர் ஃப்ரேலிங் 1993-ல் இதைப் பிரித்துக் காட்டி ஒரு சிறு கட்டுரை எழுதினார். கலையைப் பற்றிய ஆராய்ச்சி, கலைக்கான ஆராய்ச்சி, கலை வழியான ஆராய்ச்சி.   மூன்றாவதுதான் நம் சங்கதி: கலைவழி ஆய்வு.

கையால் செய்து பார்த்தால் மட்டும் தெரிகிற அறிவு ஒன்று உண்டா என்று கேட்டால், அதிரசம் செய்கிற வீட்டில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். வெல்லப் பாகைக் கரண்டியில் எடுத்து ஒரு சொட்டு தண்ணீரில் விடுவார்கள். விரலால் கூட்டினால் உருண்டு வர வேண்டும், ஆனால் இறுகிவிடக் கூடாது. அதற்குப் பெயர் பதம். யூடியூபில் நூறு வீடியோ இருக்கிறது. பார்த்துவிட்டுச் செய்தவர்களின் அதிரசம் எண்ணெயில் பிரிந்து போன கதையும் நூறு இருக்கும். பதம் விரலுக்குத்தான் தெரியும். அதைத் தெரிந்துகொள்ள நாலு தடவை கெடுத்தாக வேண்டும்.

சமையல் சரி, நடனத்தில்? அந்த அம்மாவுக்காக உதாரணம் தேடினேன். வெளிநாட்டுக்குப் போக வேண்டியிருக்கவில்லை. அடையாறோடு நின்றது.

பரதமுனிவரின் நாட்டிய சாஸ்திரம் 108 கரணங்களைச் சொல்கிறது. ஒவ்வொன்றுக்கும் சுருக்கமாக ஒரு சுலோகம்: கை இப்படி, கால் இப்படி, உடம்பு இப்படி. அவ்வளவுதான். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல்தளச் சுற்றில் இந்தக் கரணங்களை வரிசையாகச் செதுக்கத் தொடங்கி, 81-ஓடு நிறுத்திவிட்டார்கள். மிச்சக் கற்கள் செதுக்காமலே இருக்கின்றன. சிதம்பரம் கோபுர வாசல்களின் உட்சுவரிலும் கரணச் சிற்பங்கள் உண்டு. சில இடங்களில் சிற்பத்தோடு அந்தந்தச் சுலோகத்தையே கிரந்த எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். கும்பகோணம் சார்ங்கபாணி கோயில் கோபுரத்திலும் இவற்றைப் பார்க்கலாம்.

புத்தகமும் இருக்கிறது, சிற்பமும் இருக்கிறது. பிறகென்ன? சிக்கலே அங்கேதான். ஒரே கரணம் ஒரு கோயிலில் ஒரு மாதிரியும் இன்னொரு கோயிலில் வேறு மாதிரியும் இருக்கிறது. எது சரி? சிற்பி தப்புப் பண்ணிவிட்டாரா? சுலோகத்தை நாம் தப்பாகப் படிக்கிறோமா? கரணம் என்றால் ஒரு நிலை, ஒரு 'போஸ்' என்று எடுத்துக்கொண்டால் இந்த முடிச்சு அவிழாது.

அடையாறு நாட்டியக் கலைஞர் பத்மா சுப்ரமணியம் இதைத் தன் உடம்பில் போட்டுப் பார்த்தார். சினிமா இயக்குநர் கே. சுப்ரமணியத்தின் மகள், 1943-ல் பிறந்தவர், வழுவூர் ராமையா பிள்ளையிடம் பரதம் கற்றவர். கல்லில் இருக்கிற நிலையில் நின்று பாருங்கள். உடம்பின் எடை எந்தக் காலில் இருக்கிறது? இந்த நிலைக்கு வர எங்கிருந்து புறப்பட்டிருக்க வேண்டும்? இங்கிருந்து எங்கே போக முடியும், எங்கே போகவே முடியாது? இந்தக் கேள்விகளுக்கு முழங்காலும் இடுப்பும்தான் பதில் சொல்லும். வருஷக்கணக்கில் சுலோகத்தையும் சிற்பத்தையும் தன் அசைவையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து அவர் வந்து சேர்ந்த முடிவு இது: கரணம் ஓர் அசைவு. அதற்குத் தொடக்கம், நடு, முடிவு உண்டு. ஒரு சிற்பி தொடக்கத்தைப் பிடித்தார், இன்னொருவர் நடுவைப் பிடித்தார். இருவருமே சரி.

கல்யாண வீடியோவை நடுவில் 'பாஸ்' பண்ணினால் மாமாவின் கை அந்தரத்தில் நிற்கும், வாய் பாதி திறந்திருக்கும். அட்சதை போடுகிறாரா, யாரையாவது கூப்பிடுகிறாரா என்று தெரியாது. ஓட விட்டால்தான் தெரியும். பத்மா செய்தது ஆயிரம் வருஷமாகப் 'பாஸ்'ஸில் இருந்த வீடியோவை ஓட விட்ட வேலை.

இந்த ஆய்வுக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது. பிற்பாடு மகாராஷ்டிரத்தின் சாத்தாராவில் எழுந்த நடராஜர் கோயிலுக்கு 108 கரணச் சிற்பங்களை அவரே வடிவமைத்துக் கொடுத்தார். 2024-ல் பத்ம விபூஷண்.

எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டார்களா? இல்லை. அவர் மீட்டது பழைய அசைவுதானா, இல்லை அவருடைய கற்பனையா என்று கேட்டவர்கள் உண்டு, இன்றும் உண்டு. கேட்கட்டும். மறுக்கிறவர் வெறும் வாயால் மறுத்தால் போதாது, ஆடிக் காட்டி மறுக்க வேண்டும் என்கிற நிலைமை வந்துவிட்டது பாருங்கள். எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

இசையில் இதற்கு முன்பே ஒருவர் இருந்தார். தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர். சித்த மருத்துவம் அவருக்குத் தொழில், இசை அவருக்குப் பைத்தியம். ஒரு ஸ்தாயியில் 22 சுருதியா, 24 சுருதியா என்பது அவருடைய கேள்வி. கணக்குப் போட்டுத் தடி தடியாக எழுதினார், 1917-ல் வந்த 'கருணாமிர்த சாகரம்' அதுதான். ஆனால் கணக்கோடு விடவில்லை. 1916-ல் பரோடாவில் அகில இந்திய சங்கீத மாநாடு நடந்தபோது மகள்களை அழைத்துப் போய் வீணையில் வாசித்துக் காட்ட வைத்தார். காதில் விழுகிறதா இல்லையா என்பதே சாட்சி. அவருடைய 24 எல்லோரையும் திருப்திப்படுத்தவில்லை, அது வேறு கதை.

ஓவியம் என்றால் நம் பக்கத்திலேயே ஓர் ஊர் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஈ.சி.ஆரில் முட்டுக்காடு படகுத் துறைக்கோ முதலைப் பண்ணைக்கோ போகிறோம். வழியில் இஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம். எத்தனை தடவை தாண்டிப் போயிருப்போம்? எத்தனை தடவை உள்ளே போயிருப்போம்?

1966-ல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்து அமைத்த ஊர் அது. அப்போது அவர் சென்னை அரசு கலை மற்றும் கைவினைக் கல்லூரியின் முதல்வர். கடலோர மணல், சவுக்கு, ரோடு சரியில்லை. சர்க்கார் பணத்தை நம்பவில்லை. பத்திக் துணி, தோல், உலோகம் என்று கைவினைப் பொருள் செய்து விற்றார்கள், அதில் வந்த காசில் நிலம் வாங்கினார்கள். வயிற்றுக்குக் கைவினை, மனசுக்கு ஓவியம். வேலை கிடைக்குமா என்று அந்த அம்மா கேட்டாரே, அதே கேள்விக்கு அவர்கள் தேடிக்கொண்ட பதில் இது.

அவர்களுக்கும் ஒரு கேள்வி இருந்தது. பாரிஸையும் காப்பியடிக்காமல், அஜந்தாவையும் காப்பியடிக்காமல், நம் ஊரின் நவீன ஓவியம் எப்படி இருக்கும்? இதற்கு எந்த நூலகத்திலும் விடை இல்லை. போட்டுத்தான் பார்க்க வேண்டும். ஒரு மாணவரின் கணக்கு நோட்டுப் பக்கம் கண்ணில் பட்டது பணிக்கருக்கு வழி காட்டியதாகச் சொல்வார்கள். எண்ணும் எழுத்தும் ஜியோமிதிக் கோடுமாக நிறைந்த பக்கம். 1963-லிருந்து 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசையில் வரையத் தொடங்கினார். ஜாதகக் கட்டம் மாதிரி, ஏட்டுச் சுவடி மாதிரி, வாசிக்க முடியாத எழுத்து. படிக்க வராத எழுத்தையும் கண் ஏன் விடாமல் படிக்கப் பார்க்கிறது? அந்த ஓவியத்தின் முன்னால் நின்றால் நீங்களே இதைக் கேட்டுக்கொள்வீர்கள். சிற்பி பி.வி. ஜானகிராம் இன்னொரு பக்கமாகப் போனார். கோயில் சாமிக்குக் கவசம் தட்டுகிற தகட்டு வேலையை எடுத்து அதில் நவீனச் சிற்பம் செய்தார்.

உலகத்தில் இதற்கு இப்போது சங்கம் இருக்கிறது, பத்திரிகை இருக்கிறது. ஃபின்லாந்தில் இசைக் கலைஞர்கள் கச்சேரிகளையே ஆய்வின் பகுதியாகக் கொடுத்து டாக்டர் பட்டம் வாங்க ஆரம்பித்து முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. 2010-ல் கலைவழி ஆய்வுக்கென்று ஐரோப்பாவில் ஒரு சங்கம் வைத்தார்கள். அடுத்த வருஷம் அவர்களுடைய ஆய்விதழ் வந்தது. அதில் கட்டுரையோடு வீடியோ, ஒலி, படம் எல்லாமே ஆய்வின் பகுதி. 'ஆடித்தான் ஆராய்ச்சி' என்று அந்தப் பெண் சொன்னது வீட்டில் சண்டை போடுவதற்காக அவளாகக் கண்டுபிடித்த வார்த்தை இல்லை.

இனி தாம்பரத்துக்கு வருகிறேன். எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

மின்சார ரயிலில் தாம்பரத்தை நெருங்கும்போது ஒரு பக்கம் காடு மாதிரி மரங்கள் தெரியுமே, சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. 1937-ல் பட்டணத்திலிருந்து இங்கே குடிபெயர்ந்தது. அங்கே கிஃப்ட் சிரோமணி என்று ஒரு பேராசிரியர் இருந்தார். கணிதமும் புள்ளியியலும் அவர் துறை. ஆனால் மாமல்லபுரத்துச் சிற்பங்களின் நகையையும் உடையையும் எண்ணி, ஒப்பிட்டு, எது முந்தியது எது பிந்தியது என்று தேடினார். அதே கல்லூரியின் தத்துவப் பேராசிரியர் மைக்கேல் லாக்வுட்டும் தாவரவியல் பேராசிரியர் பி. தயானந்தனும் கூட்டு. ஒரு கணக்கு வாத்தியார், ஒரு தத்துவ வாத்தியார், ஒரு பாட்டனி வாத்தியார் சேர்ந்து மாமல்லபுரத்துக்குக் கிளம்புகிற காட்சியை நினைத்துப் பாருங்கள். ஒரு சினிமாவே எடுக்கலாம்.

அந்தக் கிஃப்ட் சிரோமணியின் கண் வாசலில் கிடந்த கோலத்தின் மேலும் விழுந்தது. மனைவி ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் இருவரோடும் சேர்ந்து 1974-ல் கோலத்தின் இலக்கணத்தைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் பற்றிய சர்வதேச இதழில். இலக்கணம் என்றுதான் அவர்களே பெயர் வைத்தார்கள். எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்று மொழிக்கு விதி இருப்பது போல, எந்தத் துண்டுக்குப் பக்கத்தில் எந்தத் துண்டு வரும், சின்னக் கோலம் எப்படிப் பெரிய கோலமாக வளரும் என்பதற்கும் விதி எழுதலாம் என்று காட்டினார்கள். கம்ப்யூட்டர் இயலில் படமொழிகள் பற்றிப் படிப்பவர்கள் இன்றும் அந்தக் கட்டுரையைத் தொட்டுத்தான் போகிறார்கள்.

அதோடு நிற்கவில்லை. கம்பிக்கோலத்தைப் பெண்கள் எப்படி ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்? படமாகவா? கையின் போக்காகவா? கோடு போகிற போக்கை ஏழே நகர்வாகப் பிரித்தார்கள். நேரே போவது ஒன்று, வலப்பக்கம் திரும்புவது மூன்று விதம், இடப்பக்கம் மூன்று விதம். எவ்வளவு பெரிய கோலமானாலும் இந்த ஏழின் வரிசைதான். பாட்டுக்கு ஸ்வரம் மாதிரி. ஏழு என்பது தற்செயல்தான், ஆனாலும் எழுதும்போது ஒரு சந்தோஷம்.

கறாராகப் பார்த்தால் இது கலையைப் 'பற்றிய' ஆய்வு. கோலம் போட்டது பெண்கள், கட்டுரை எழுதியது பேராசிரியர்கள். கட்டுரையில் யார் பெயர் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அப்படியென்றால் கோலம் போடுகிறவரே ஆராய்ச்சியாளர் ஆவது எப்போது? இதற்கு விடை என் வீட்டு மொட்டை மாடியில் கிடைத்தது. பெருமைக்காகச் சொல்லவில்லை, எனக்கு அதில் பங்கு கொஞ்சம்தான்.

இருதயக் கமலம் போடத் தெரிந்தவர்கள் இந்தப் பகுதியில் நிறையப் பேர் இருப்பீர்கள். நடுவிலிருந்து எட்டுக் கை, கைக்கு ஐந்து புள்ளி. முதல் கையில் முதல் புள்ளி, அடுத்த கையில் மூன்றாவது, பிறகு ஐந்து, இரண்டு, நாலு, மறுபடி ஒன்று. என் மனைவி வாய்ப்பாடு மாதிரிச் சொல்வார்: "ஒண்ணு, மூணு, அஞ்சு, ரெண்டு, நாலு." கோடு கையை எடுக்காமல் ஐந்து சுற்று சுற்றி, 40 புள்ளியையும் தொட்டு, புறப்பட்ட இடத்தில் வந்து சேரும்.

இந்தப் பக்கத்துக்காகப் படித்துக்கொண்டிருந்த உற்சாகத்தில் நான் கேட்டேன், "எட்டுக் கைக்குப் பதிலா பத்து வெச்சா இன்னும் பெரிசா வருமே?"

"போட்டாத் தெரியும்" என்றார். கோலமாவு டப்பாவோடு மாடிக்குப் போனோம். பத்துக் கை, 50 புள்ளி. ஒண்ணு, மூணு, அஞ்சு, ரெண்டு, நாலு, ஒண்ணு, மூணு, அஞ்சு, ரெண்டு, நாலு. அடுத்தது முதல் கை, ஒன்றாம் புள்ளி. "அடடா, மூடிக்கிச்சு!" ஒரே சுற்றில் கோடு முடிந்துவிட்டது. தொட்டது பத்துப் புள்ளி. நாற்பது புள்ளி சும்மா கிடக்கிறது.

நான் அத்தோடு கீழே இறங்கியிருப்பேன். அவர் விடவில்லை. ஆறு கை போட்டார், வந்தது. ஏழு, வந்தது. ஒன்பது, வந்தது. மாடி முழுக்க வெள்ளை. மாவை இடுப்பில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கை எத்தனை வேணா வெச்சுக்கலாம். அஞ்சாம் வாய்ப்பாட்டுல வர்ற நம்பர் மட்டும் ஆகாது."

கணக்கு வாத்தியாரிடம் கேட்டால் எட்டுக்கும் ஐந்துக்கும் பொதுக் காரணி இல்லை, பத்துக்கும் ஐந்துக்கும் உண்டு என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார். சரிதான். ஆனால் என் மனைவி அந்த வரியைப் படித்துவிட்டு மாடிக்குப் போகவில்லை. கையில் மாவோடு, கோடு எங்கே மாட்டிக்கொள்கிறது என்று பார்த்துப் பார்த்து அந்த விதியைப் பிடித்தார். கேள்வி கோலத்துக்குள்ளிருந்து வந்தது. விடையும் கோலத்துக்குள்ளேயே கிடைத்தது. அந்தச் சிட்லபாக்கம் அம்மா கேட்டதற்கு இதைவிட நேரான பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

அப்படியானால் மார்கழியில் கோலம் போடுகிற எல்லோரும் டாக்டர்களா? ஆடுகிற எல்லோரும், வரைகிற எல்லோரும் ஆராய்ச்சியாளர்களா? இல்லை. இதில் கொஞ்சம் கறாராக இருந்துதான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் யார் எதைச் செய்தாலும் 'ரிசர்ச்' என்று பேர் வைத்துவிடுவார்கள். வைத்துக்கொண்டும் இருக்கிறார்கள். 'எனக்குள் ஒரு தேடல்' என்று நாலு பக்கம் எழுதிவிட்டு ஆடினால் அது ஆராய்ச்சி ஆகிவிடாது.

அரங்கேற்றத்தை நினைத்துப் பாருங்கள். மாதக்கணக்கில் பண்ணின தப்பெல்லாம் மறைந்து, முடிந்த வடிவம் மட்டும் மேடைக்கு வரும். அப்படித்தான் வர வேண்டும். ஆராய்ச்சியில் தலைகீழ். எந்த அடவு ஏன் சரிவரவில்லை, எத்தனை விதமாக மாற்றிப் பார்த்தேன், எங்கே கைவிட்டேன் என்பதைத்தான் முதலில் விரிக்க வேண்டும். பார்க்கிற இன்னொரு கலைஞர் அதே வழியில் போய்ச் சரிபார்க்க முடிய வேண்டும். அதற்குக் குறிப்பு வேண்டும், வீடியோ வேண்டும், தேதி வேண்டும். என் மனைவியின் பத்துக் கைக் கோலத்தை மறுநாள் காலையில் எறும்பும் காற்றும் கொண்டுபோய்விட்டன. நல்லவேளை, போனில் ஒரு போட்டோ எடுத்திருந்தேன். அந்த ஒரு போட்டோவைத்தான் 'பங்கு கொஞ்சம்தான்' என்று மேலே சொன்னேன்.

அந்த அம்மாவின் இரண்டாவது கேள்வி, வேலை விஷயம். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலைக்குப் பட்டம் உதவும். ஆனால் நடனத்துக்கு இருக்கிற இடங்கள் குறைவு. பட்டம் வாங்கிய மறுமாதம் சம்பளம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சேருவதற்கு முன் விசாரிக்க வேண்டியவை சில உண்டு. அந்தப் பல்கலைக்கழகம் ஆட்டத்தை ஆய்வின் பகுதியாக ஒப்புக்கொள்கிறதா, இல்லை கடைசியில் வழக்கம் போலத் தடிப் புத்தகம்தான் கேட்குமா? வழிகாட்டி ஆடத் தெரிந்தவரா? தேர்வாளர்கள் யார்? ஆட்டத்தோடு எழுத்தும் பெரும்பாலும் கேட்பார்கள். எழுதுவதிலிருந்து தப்பிக்கத்தான் இந்த வழி என்று உங்கள் மகள் நினைத்திருந்தால், இப்போதே சொல்லிவிடுங்கள். இதில் எழுத்து வேலை இரட்டிப்பு.

எனக்கு இதில் வேறொரு கவலையும் இருக்கிறது. நம் பக்கத்து வாசல்களைப் பாருங்கள். பெருங்களத்தூர், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், எங்கே பார்த்தாலும் அபார்ட்மென்ட். வாசல் என்பது லிஃப்டுக்கு எதிரே நாலடி டைல்ஸ். அதில் ஸ்டிக்கர் கோலம், வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றினால் போதும். யாரையும் குற்றம் சொல்லவில்லை. காலை எட்டு மணிக்குக் கேப் பிடிக்க வேண்டிய பெண்ணிடம் போய் இழை இழையாகக் கோலம் போடு என்று சொல்ல எனக்கு என்ன யோக்யதை? ஆனால் தினமும் கையில் மாவு படாவிட்டால், "பத்து வெச்சா என்ன ஆகும்?" என்கிற கேள்வியே யாருக்கும் வராது. ஸ்டிக்கருக்கு ஒன்பது கை வைத்துப் பார்க்க முடியாதே.

அதனால் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணிலோ பீரோ அடித்தட்டிலோ அம்மாவின், பாட்டியின் கோல நோட்டு இருக்கும். பாதிப் பக்கத்தில் பால் கணக்கு, மீதியில் கோலம். அடுத்த தடவை பழைய பேப்பர்காரர் வரும்போது அதைத் தராசில் போட்டுவிடாதீர்கள். பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வையுங்கள். அம்மா பக்கத்தில் இருந்தால் ஒரு கோலத்தைப் போடச் சொல்லி, எங்கே தொடங்குகிறார், எங்கே திரும்புகிறார், எங்கே தப்பு வந்து அழிக்கிறார் என்று வீடியோ எடுங்கள். அழிக்கிற இடத்தை எடிட் பண்ணிவிடாதீர்கள்.

சிட்லபாக்கம் அம்மா, உங்களுக்கு ஒரு வார்த்தை. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து இதைக் கேளுங்கள்: "ஆடாம கண்டுபிடிக்க முடியாத எதை நீ ஆடிக் கண்டுபிடிக்கப் போற?" யோசிக்க நேரம் கொடுங்கள், ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை. அவள் எழுந்து நின்று ஆடிக் காட்டிப் பதில் சொன்னால், அப்ளிகேஷன் ஃபீஸைக் கட்டிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்